பழைய 40 குதிரைசக்தி அவுட்போர்டு: மவுண்ட் ரப்பர் போயிடுச்சா, இல்ல வேற எங்கனா ஆட்டமா?

பாலாற்றங்கரை (விரிஞ்சிபுரம்)

எல்லாருக்கும் வணக்கம். 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினப்ப, ஆத்தோரத் தோப்புல குடியிருந்த சில குடும்பம் மாடியில மாட்டிக்கிச்சு. மீட்புப் படகு வர்ற வரைக்கும் கரையில நின்னு பாக்கறதத் தவிர எங்களால ஒண்ணும் செய்ய முடியல. அதுக்கப்புறம் ஊர்ப் பசங்க காசு போட்டு ஒரு காத்தடிக்கிற ரப்பர் படகும், கடலோரத்துல ஓடின பழைய அவுட்போர்டு (படகுக்குப் பின்னாடி மாட்டற இன்ஜின்) ஒண்ணும் வாங்கினோம். ஜப்பான் தயாரிப்பு, 40 குதிரைசக்தி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கையால திருப்பற ஹேண்டில்.

பாலாறு வருஷத்துல பெரும்பகுதி வெறும் மணல்தான், தெரிஞ்சதுதானே. அதனால இன்ஜின் தகர ஷெட்டுலயே கிடக்கும். ஏரி நெரம்பினா இறக்கி ஓட்டிப் பாப்போம். இப்ப ஓட்டினப்ப மூணு கோளாறு தெரியுது. நியூட்ரல்லேர்ந்து கியர் போட்டா "டங்"னு இரும்பு மேல இரும்பு அடிக்கிற சத்தம். ஆக்சிலரேட்டர் திருப்பினா இன்ஜின் தலை பின்னாடி சாயுது. ஹேண்டில் கைய உதறுது, நேரா புடிச்சாலும் படகு ஒரு பக்கமா ஓடப் பாக்குது.

இங்க பாத்த ஒருத்தர் "மவுண்ட் ரப்பர் (இன்ஜினுக்கும் அதப் படகுல புடிக்கிற பிராக்கெட்டுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர்) போச்சு, கெட்டியா யூரித்தேன் (ரப்பர் மாதிரி ஒரு கெட்டி பிளாஸ்டிக்) போட்டு அடைச்சிடலாம், ஆயுசுக்கும் ஆடாது"ன்னாரு. செய்யலாமா? மவுண்ட்தான் போச்சான்னு எப்படி உறுதி பண்றது? வெள்ளத்துல ஆளுங்கள ஏத்திக்கினு வரப்போற படகு. அரைகுறை வேலை பண்ண மனசு ஒப்பல.

காசிமேடு மெக்கானிக்

தம்பி, கேட்டதே நல்லது. அடைக்கிற பேச்ச அப்பறம் பாப்போம். அவுட்போர்டுல ஆட்டம் வர்ற இடம் ஒண்ணு இல்ல. எதுன்னு பாக்காம மவுண்ட் வாங்கினா காசும் போவும், ஆட்டமும் அப்படியே இருக்கும்.

மொதல்ல இன்ஜினை நிறுத்தி, கில் சுவிட்ச் (இன்ஜின உடனே நிறுத்தற சுவிட்ச்) கயிறக் கழட்டி, ரெண்டு பிளக் வயரும் உருவிடு. புரொப்பல்லர் பக்கம் கைய வெக்கறதுக்கு முன்னாடி இது கட்டாயம். இன்ஜின ஓடற நிலையில நேரா நிறுத்து. கியர்பாக்ஸ் அடியில துடுப்பு மாதிரி நீட்டிக்கினு இருக்கே, அதப் புடிச்சு முன்னும் பின்னும், இடமும் வலமும் நல்லா ஆட்டு. ஒருத்தர் ஆட்டணும், இன்னொருத்தர் டார்ச் அடிச்சுப் பாக்கணும். எங்க பாக்கணும்னு சொல்றேன்.

பின்பலகையில மாட்டற கிளாம்பே ஆடினா ரெண்டு ஸ்க்ரூவயும் முறுக்கு. பலகை நஞ்சு போயிருந்தா அது படகு வேலை, இன்ஜின் வேலை இல்ல. கிளாம்ப் நிக்குது, ஆனா திருப்பற தண்டு அதோட குழாய்க்குள்ள லொடலொடன்னா உள்ள இருக்கிற புஷ் (தேய்மானத்த வாங்கிக்கிற வளையம்) தேஞ்சிருக்கு. கிரீஸ் நிப்பிள்ல கிரீஸ் ஏத்தி எவ்வளவு காலம் ஆச்சோ! இந்த ரெண்டும் அசையாம இருக்க, இன்ஜினோட நடு லெக் (தலைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற நீளப் பகுதி) மட்டும் பிராக்கெட்ட விட்டு விலகி விலகிச் சேர்ந்தா, அப்பத்தான் மவுண்ட். மேல ரெண்டு, கீழ பக்கவாட்டுல ரெண்டு, மொத்தம் நாலு. கீழ மவுண்ட்டு மூடியைச் சுத்தி ரப்பர் கருப்பு மாவாக் கொட்டி இருக்கான்னு விரல் வெச்சுப் பாரு.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை

அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு சேத்துக்கோங்க. ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், ஸ்லோல நின்னா உதறத்தான் செய்யும். அந்த உதறலை வாங்கிக்கறதுக்குத்தான் ரப்பரே வெச்சிருக்காங்க. ஆனா ஒரு சிலிண்டர் சரியா அடிக்கலன்னாலும் இதே மாதிரிதான் ஹேண்டில் கைய உதறும். ரெண்டு பிளக்கையும் கழட்டிப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணு காப்பித்தூள் நிறம், இன்னொண்ணு எண்ணெய் வழிய கருப்பா இருந்தா அதுதான் காரணம். கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பாத்துடுங்க, ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இருக்கக் கூடாது.

பாலாற்றங்கரை

அண்ணனுங்க சொன்னபடியே பாத்துட்டோம். ரெண்டு பிளக்கும் ஒரே நிறம், கம்ப்ரஷன் கிட்டத்தட்ட சமம். கிளாம்ப் ஆடல. திருப்பற குழாய்ல கொஞ்சமே கொஞ்சம் விளையாட்டு இருந்துச்சு, பழைய காஞ்ச கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் புதுசு ஏத்தினோம், அது அடங்கிடுச்சு.

லெக்கப் புடிச்சு முன்ன பின்ன ஆட்டினா, இடது பக்கக் கீழ் மவுண்ட்டுல ஒரு விரல் நுழையற சந்து தொறக்குது, மூடுது. வலது பக்கம் அவ்வளவு இல்ல. மேல ரெண்டும் வெளிய தெரியல, ஆனா தலையப் புடிச்சு இழுத்தா வருது. மவுண்ட்தான்னு தெளிவாயிடுச்சு. கீழ மட்டும் மாத்தினா போதுமா? ஒரிஜினல் நாலும் வாங்கணும்னா எங்க கையிருப்பப் பாக்கணும்.

சிப்காட் ஃபிட்டர் (ராணிப்பேட்டை)

நான் படகு ஓட்டறவன் இல்ல. பெரிய ஃபேன், பம்ப் இதுக்கெல்லாம் ஃபவுண்டேஷனும் அலைன்மென்ட்டும் பாத்து வயசானவன். ஆனா இந்தக் கணக்கு எல்லா மெஷினுக்கும் ஒண்ணுதான்.

புரொப்பல்லர் படகை முன்னாடி தள்ளுது. அந்தத் தள்ளு விசை லெக்கோட அடி நுனியில விழுது. படகுக்கு அது போய்ச் சேர்றது நாலு மவுண்ட் வழியா மட்டும்தான், இரும்புக்கு இரும்பு வேற தொடர்பே கிடையாது. கீழ் மவுண்ட்டத் தாங்குமிடமா வெச்சுப் பாருங்க: அடி நுனி முன்னாடி போகப் பாக்குது, அதனால தலை பின்னாடி சாயப் பாக்குது. உங்க இன்ஜின் பின்னாடி சாயறதுக்கு இதுதான் காரணம். மேல் மவுண்ட் அதை இழுத்துப் புடிக்குது. கீழ் மவுண்ட் என்ன தாங்குது? புரொப்பல்லரோட மொத்தத் தள்ளு விசை, அதோட மேல் மவுண்ட் இழுக்கிற விசையும் கூட. அதனாலதான் எப்பவும் கீழ் மவுண்ட் முதல்ல போகுது. ரிவர்ஸ் போட்டா எல்லாம் தலைகீழ். "டங்" சத்தம் அந்தத் திருப்பத்துல பொறக்குது: தேஞ்ச ரப்பருக்குள்ள இரும்புக் குழல் ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரத்துக்குப் போய் இடிக்குது.

கீழ ரெண்டு மட்டும் மாத்தினா கீழ கெட்டி, மேல தளர்ச்சி. தலை இன்னும் அதிகமா ஆடும், புது ரப்பர் கோணலா அழுந்தும். ஒரு பக்கம் மட்டும் மாத்தறது அதைவிட மோசம், லெக் கோணிக்கும். உங்க படகு ஒரு பக்கமா இழுக்கறதும் இடது மவுண்ட் மட்டும் அதிகம் போனதால இருக்கலாம். நாலையும் சேர்த்தே மாத்துங்க.

ஆம்பூர்க்காரன்

விலைதான் பிரச்சனைன்னா ஒரு யோசனை. எங்க ஊர்ப் பக்கம் ஷூ சோல் அச்சு அடிக்கிற ரப்பர் யூனிட்டு நிறைய. பழைய மவுண்ட்ட மாதிரியாக் குடுத்தா அச்சு வெட்டி ஊத்தித் தர மாட்டாங்களா? சோல் ரப்பர் அவ்வளவு அடி தாங்குது, இதைத் தாங்காதா?

லேத் பட்டறை (குடியாத்தம்)

ரப்பரே வேணாம்ங்க, யூரித்தேன் கட்டை வாங்கி லேத்துல கடைஞ்சு அளவா புஷ் போட்டுடலாம். லாரிக்கு, ஜேசிபிக்கு எல்லாம் நாங்க செய்யறோம், நல்லாவே உழைக்குது.

ரப்பர் கெமிஸ்ட், ஓய்வு (அரக்கோணம்)

ரெண்டு யோசனையும் நல்ல எண்ணத்துல வந்தது. ரப்பர் மிக்சிங்லயே காலம் போனவன், அதனால விளக்கமா சொல்றேன்.

சோல் ரப்பரின் வேலை தரையில உராய்ஞ்சு தேயாம இருப்பது. மவுண்ட் ரப்பரின் வேலை அழுந்தி, இழுபட்டு, திரும்பப் பழைய உருவத்துக்கு வருவது. அதையும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்வது. அதனால சோலுக்கான கலவை வேற, இதுக்கான கலவை வேற. இந்த மாதிரி மவுண்ட்டுக்குப் பெரும்பாலும் இயற்கை ரப்பரைத்தான் எடுப்பார்கள், கடினம் ஷோர் ஏ அளவில் 50 முதல் 60 வரை. இழுபடும்போது தானே உள்ளே இறுகிக்கொள்ளும் குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு, அதனால ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் பெருசாக நேரம் எடுக்கும். அதற்குப் பலவீனம் பெட்ரோலும் எண்ணெயும். ஊறினால் உப்பும், பிறகு பஞ்சாகிவிடும். எண்ணெய் தாங்கணும்னா நைட்ரைல் இருக்கு, ஆனா அசைவைத் தாங்குவதில் அது இயற்கை ரப்பருக்கு ஈடு இல்லை.

அதைவிட முக்கியம் ரப்பரும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடம். நடுவில் இருக்கும் இரும்புக் குழலை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, முதல் பூச்சு, அதன்மேல் ஒட்டும் பூச்சு கொடுத்து, காயவைத்து, அச்சுக்குள் வைத்து, பச்சை ரப்பரை அழுத்தி, சுமார் 150 டிகிரியில் வேகவைக்கிறார்கள். ரப்பர் வேகும் அதே நேரத்தில் இரும்போடு பிணைகிறது. வெந்த ரப்பரை பிறகு எந்தப் பசை போட்டு ஒட்டினாலும் அந்தப் பிடிப்பு வராது. அந்தப் பூச்சும் அச்சும் உள்ள யூனிட்டில் செய்ய முடியும்தான், நாலே நாலு மவுண்ட்டுக்கு அச்சு வெட்டுகிற செலவு ஒரிஜினல் விலையைத் தாண்டிவிடும்.

யூரித்தேன் கட்டை பற்றி: லாரி சஸ்பென்ஷனில் அது நிற்பது உண்மை. ஆனால் இங்கே வேண்டியது அதிர்வை விழுங்கும் மிருதுத்தன்மை.

காசிமேடு மெக்கானிக்

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. கடைஞ்ச புஷ் போட்ட இன்ஜினு ஹார்பர்ல பாத்திருக்கேன். ஆட்டம் நின்னுடும், கேக்கறவனுக்கு சந்தோஷமா இருக்கும். அப்பறம் அந்த அதிர்வு எங்க போவும்? பிராக்கெட்டுக்குப் போவும், கிளாம்ப் ஸ்க்ரூ தானா தளரும், பின்பலகை போல்ட் ஓட்டை பெருசாவும். ஹேண்டில் புடிக்கிறவன் கை கொஞ்ச நேரத்துல மரத்துப் போவும். ரப்பர் படகுல பின்பலகைய ஒட்டுப் போட்டுத்தான் ட்யூபோட சேத்திருக்காங்க, அந்த ஒட்டு விட்டா நடு ஆத்துல என்ன ஆவும்னு யோசிச்சுக்கோ.

இன்னொண்ணு. வெள்ளத் தண்ணியில அடியில என்ன கிடக்குதுன்னு தெரியாது. பாறை, மின்கம்பம், சீமைக்கருவேல மரத்துண்டு. லெக் அதுல போய் மோதினா மொத அடிய வாங்கறது இந்த ரப்பர்தான். கட்டை மாதிரி கெட்டியா அடைச்சு வெச்சா அந்த அடி நேரா வார்ப்பு அலுமினியத்துல இறங்கும். நடு லெக் வெடிச்சா இன்ஜினே போச்சு.

இடது பக்க கிளாம்ப் பிராக்கெட்டுல ஒரு சின்னத் தகடு இருக்கும், மாடல் பேரும் கோடும் நம்பரும் அடிச்சிருக்கும். அத போட்டோ எடுத்து வெச்சுக்கோ. ஒரே 40ன்னு சொன்னாலும் வருஷத்துக்கு வருஷம் மவுண்ட் மாறியிருக்கும். அந்தக் கோட வெச்சுத்தான் கேக்கணும், பேர வெச்சு இல்ல.

லேத் பட்டறை (குடியாத்தம்)

படகுல பின்பலகை ஒட்டுன்னு ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. அப்ப யூரித்தேன் வேணாம்தான். ஆனா அலுமினியத்துல ஸ்டெயின்லெஸ் போல்ட் உப்புல கெடந்து வந்திருக்குன்னா கழட்டறதுதான் பெரிய வேலை, அதுக்கு நான் உதவறேன். கூப்பிடுங்க, வண்டியில மிஷினோட வர்றேன்.

பாலாற்றங்கரை

ரொம்ப நன்றிண்ணே. நாலு ஒரிஜினலும் சொல்லிட்டோம், ஊர்ல இன்னும் கொஞ்சம் பேர் பங்கு போட்டாங்க. பார்ட்ஸ் படமும் கிடைச்சிடுச்சு, எங்க மாடலுக்கு மேல் ரெண்டையும் எடுக்க பவர்ஹெட்ட (மேல சிலிண்டர் இருக்கிற இன்ஜின் பகுதி) தூக்கணும் போல. காசிமேட்டு அண்ணே, வேலைய வரிசையா சொல்ல முடியுமா?

காசிமேடு மெக்கானிக்

சொல்றேன், பொறுமையாப் படி.

பெட்ரோல் லைன கழட்டி, கார்புரேட்டர்ல இருக்கறதயும் வடிச்சிடு. பெட்ரோல் இருக்கிற இடத்துல சூடு பண்ணக் கூடாது, அதான். கியர் ஆயில் வடிக்கத் தேவையில்ல. மேல் மூடியத் தூக்கினதும் மொத வேலை போட்டோ. ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கம்பி, கியர் லிங்க், தண்ணி ஓஸ், வயர் எல்லாத்தையும் ரெண்டு மூணு கோணத்துல எடு. மவுண்ட் மாத்தற எடத்துல யாரும் தோக்க மாட்டான், திரும்ப மாட்டற எடத்துலதான்.

பவர்ஹெட்டுக்கு மேல தூக்கற கொக்கி இருந்தா அதுல, இல்லன்னா ஃப்ளைவீல்ல மாட்டற ஐ போல்ட்டுல செயின் பிளாக்கப் போடு. ஷெட்டு உத்தரம் தாங்குமான்னு பாத்துக்கோ, தகர ஷெட்டுன்னா தனியா மூணு கால் நிறுத்து. அடியில போல்ட் எல்லாம் எடுத்ததும் நேரா மேல தூக்கணும், சாய்ச்சுத் தூக்கினா டிரைவ் ஷாஃப்ட் பல்லு அடிபடும். ஒட்டிக்கினு வராது, அதுக்காக ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பாத. ரெண்டு பாகமும் ஒட்டற மூஞ்சி கீறிச்சுன்னா எக்ஸாஸ்ட் லீக் ஆவும். ரப்பர் சுத்தியால சுத்தி சுத்தித் தட்டினா விடும். பழைய கேஸ்கெட்ட திரும்பப் போடாத, புதுசே போடு.

கீழ் மவுண்ட்டுக்கு இவ்வளவு பாடு இல்ல, மூடி போல்ட்ட எடுத்தா மூடி வரும், உள்ள மவுண்ட்டு. நீளப் போல்ட்டுதான் மாட்டிக்கும். முன்னாடி நாள் சாயங்காலமே துருவிடற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடு.

புது மவுண்ட்ட உள்ள தள்ள கிரீஸ் போடாத, எண்ணெய் போடாத, ஐயா சொன்னாரே, ரப்பர் உப்பும். சோப்புத் தண்ணி போதும். கிரீஸ் போல்ட்டுத் தண்டுல மட்டும் தடவு, கடல்ல போற கிரீஸ். மவுண்ட்டுல மேல் கீழ், முன் பின் பாக்கணும். சிலதுல அம்புக்குறி இல்ல அப்பர்னு அச்சு இருக்கும்.

இப்ப ஒரு விஷயம் கவனமா கேளு. நாலையும் கையால முறுக்கி விட்டுட்டு, இன்ஜின் எடை மவுண்ட்டு மேல உக்கார விடு. செயின் பிளாக்கத் தளர்த்து, லெக்கப் புடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டு. தானா நடுவுல வந்து நிக்கும். அப்பறம்தான் டார்க் ரெஞ்ச் (விசைய அளந்து முறுக்கற ஸ்பேனர்) வெச்சு, புக்குல உன் மாடலுக்கு என்ன அளவோ அத வெச்சு முறுக்கு. தொங்கறப்பவே முறுக்கிட்டா ரப்பர் பொறந்ததுலேர்ந்தே முறுக்கிக்கினு இருக்கும், சீக்கிரம் கிழியும். லாக் நட்டு புதுசு.

ஏலகிரி மலை

ஒரு சந்தேகம். நடு லெக்குலேர்ந்து பிராக்கெட்டுக்கு ஒரு பின்னல் வயரு மாதிரி போகுதே, எங்க இன்ஜின்ல அது அறுந்து தொங்குது. ஓட்டத்துல எந்த வித்தியாசமும் தெரியல. தேவையா?

சிப்காட் ஃபிட்டர் (ராணிப்பேட்டை)

தேவை. நல்ல கேள்வி, வேலை முடிஞ்சதும் எல்லாரும் மறக்கிறது இதைத்தான். நாலு ரப்பருக்கும் நடுவுல லெக் மின்சாரப்படி தனியா மிதக்குது, பிராக்கெட் தனியா. அரிப்பைத் தான் வாங்கிக்கிற ஆனோடு கட்டி ஒரு பக்கத்துல மட்டும் இருந்தா, மறுபக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு போகணும்னா அந்தப் பின்னல் வயர்தான் வழி. அறுந்திருந்தா ஓட்டத்துல தெரியாது, வருஷங்கழிச்சு பிராக்கெட் பொரிஞ்சு வெள்ளை மாவா உதிரும்போதுதான் தெரியும். ரெண்டு முனையிலயும் பெயின்ட்டச் சுரண்டி வெறும் உலோகத்துல புடிங்க.

இன்னொண்ணு, கடல்லேர்ந்து வந்த இன்ஜின்ல பெரும்பாலும் துத்தநாக ஆனோடுதான் இருக்கும். நன்னீர்ல அது மேல ஒரு படிவு மூடி வேலையை நிறுத்திடும். ஏரியிலயே ஓட்டறவங்க மெக்னீசியம் போடறது நல்லது.

பாலாற்றங்கரை

வேலை ஆரம்பிச்சாச்சு. பவர்ஹெட் சுத்தமா வந்துடுச்சு. வலது கீழ் மவுண்ட் வந்துடுச்சு. இடது பக்க நீளப் போல்ட் அசையவே இல்ல. சுத்தி வெள்ளையா உப்புப் பூத்து கெட்டியா இருக்கு. நீளக் குழாய் போட்டு முறுக்கலாமான்னு பசங்க கேக்கறாங்க, நான் வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன்.

லேத் பட்டறை (குடியாத்தம்)

குழாய் போடவே வேணாம், தலை முறிஞ்சிடும். போல்ட்ட சூடு பண்ணாதீங்க, அதைச் சுத்தி இருக்கிற அலுமினியத்த சூடு பண்ணுங்க. ஸ்டெயின்லெஸ்ஸ விட அலுமினியம் அதிகமா விரியும், அந்த சந்துதான் நமக்கு வேணும். கேஸ் வெல்டிங் தீ வேணாம், அலுமினியம் சிவக்காமலே திடீர்னு இளகிடும். ஹாட் ஏர் கன் வெச்சு மெதுவா. அப்பறம் லேசா இறுக்கற பக்கம் ஒரு தட்டு, அவுக்கற பக்கம் ஒரு தட்டு. ஒரே மூச்சுல அவுக்கப் பாக்காதீங்க.

ஆம்பூர்க்காரன்

ஹாட் ஏர் கன் என்கிட்ட இருக்கு. ஷூ மேல்தோல்ல சுருக்கம் எடுக்க நாங்க தினமும் புடிக்கிறது. விரிஞ்சிபுரம் எனக்கு ஹைவேயில நேர் ரோடு, ஞாயித்துக்கெழமை எடுத்துக்கினு வர்றேன் தம்பி.

பாலாற்றங்கரை

ஆம்பூர் அண்ணனும் குடியாத்தம் அண்ணனும் நேர்லயே வந்துட்டாங்க. சூடு பண்ணி, தட்டி, திரும்ப சூடு பண்ணி, மதியத்துக்கு மேல "டிக்"னு ஒரு சத்தம், போல்ட் அசைஞ்சுது. முறியல. ரெண்டு பேருக்கும் எங்க ஊரே கடமைப்பட்டிருக்கு.

கழட்டின மவுண்ட்ட மேசையில வெச்சுப் பாத்தோம். இடது கீழ் மவுண்ட்டுல இரும்புக் குழல் நடுவுல இல்ல, முன் ஓரத்துக்கு நகர்ந்து வெளி உறையையே தொட்டுக்கினு இருக்கு. பின் பக்கம் ரப்பர் குழல விட்டுப் பிறை நிலா மாதிரி பிரிஞ்சு நிக்குது. பிரிஞ்ச எடத்துல குழல் மேல துரு, அதாவது பிரிஞ்சு ரொம்ப காலம் ஆயிருக்கு. உறையோட உள்பக்கம் குழல் இடிச்ச எடத்துல பளபளன்னு ஒரு தழும்பு. "டங்" சத்தம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்ணாலயே பாத்துட்டோம்.

மேல் மவுண்ட் கதை வேற. பிரியல, ஆனா அடிப்பக்கம் உப்பி மெதுமெதுன்னு இருக்கு, நகத்தால அழுத்தினா தடம் அப்படியே நிக்குது. மோந்து பாத்தா டூ ஸ்ட்ரோக் எண்ணெய் வாசனை. எங்கேர்ந்து ஒழுகி இருக்கும்?

ரப்பர் கெமிஸ்ட், ஓய்வு (அரக்கோணம்)

இப்படி எடுத்து வைத்துப் பார்த்ததற்கே பாராட்டு. கீழே உள்ளது விசையால் போனது, மேலே உள்ளது எண்ணெயால் போனது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் புது மவுண்ட்டை மாட்ட வேண்டாம், அதுவும் இதே கதிக்கு வரும்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை

கார்புரேட்டர் அடியில இருக்கிற தட்டப் பாருங்க. மிதவை சரியா மூடலன்னா சாய்ச்சு வெக்கும்போது பெட்ரோல் ஆயில் கலவை வழிஞ்சு கீழ இறங்கும். பெட்ரோல் ஆவியாயிடும், எண்ணெய் தங்கிடும். லைன கழட்டாம இன்ஜின மடக்கி வெக்கற வழக்கம் இருந்தா இதுதான்.

பாலாற்றங்கரை

அதேதான். மிதவை ஊசியோட நுனியில பள்ளம் விழுந்திருந்துச்சு, அதுவும் மாத்தியாச்சு. புது கேஸ்கெட், நாலு மவுண்ட், புது லாக் நட்டு, பின்னல் வயர் ரெண்டு முனையும் சுரண்டிப் புடிச்சாச்சு. எடைய உக்கார விட்டு அப்பறம்தான் டார்க் வெச்சோம். நடுவுல வந்து நிக்கறதக் கண்ணாலயே பாக்க முடிஞ்சுது.

ஏரியில இறக்கினோம். கியர் போட்டா இப்ப "தொப்"னு மெத்துன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்லோல தலை லேசா ஆடுது, வேகம் ஏத்த ஏத்த அடங்கிடுது. ஹேண்டில ஒரு கையால புடிச்சுக்கினு இன்னொரு கையால கயிறு வீச முடியுது. எங்களுக்கு வேண்டியது அதுதான், ஆளத் தூக்கறப்ப ஒரு கை காலியா இருக்கணும்.

ஒரு சின்ன மாத்தம்: முழு ஆக்சிலரேட்டர் திருப்பினாலும் பழைய வேகம் வரல போலத் தோணுது.

காசிமேடு மெக்கானிக்

கேபிளப் பாரு. இவ்வளவு நாளா தலை பின்னாடி சாஞ்சு கேபிள இழுத்துக்கினு இருந்துச்சு, அதுக்குத் தகுந்தாப்புல எவனோ அட்ஜஸ்ட் பண்ணி வெச்சிருப்பான். இப்ப தலை நேரா நிக்குது, கேபிள் தளர்ந்திருக்கும். ஹேண்டில முழுசாத் திருப்பினா கார்புரேட்டர் முழுசாத் தொறக்குதா, விட்டா முழுசா மூடுதான்னு பாத்து நட்ட நகர்த்து. அத இன்ஜின நிறுத்தி வெச்சுச் செய். கியர் லிங்க்கும் அதே மாதிரி நியூட்ரல்ல நடுவுல நிக்குதான்னு பாரு.

கொஞ்ச நேரம் ஓட்டினதும் மவுண்ட் போல்ட் எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவை டார்க் பாத்துடு. புது ரப்பர் அமுங்கி உக்காரும்.

பாலாற்றங்கரை

கேபிள்தாண்ணே. சரி பண்ணியாச்சு, இழுவை வந்துடுச்சு. கடைசியா ஒண்ணு: மே மாசம் எங்க ஷெட்டுக்குள்ள நிக்கவே முடியாது. அங்கயே வெச்சா புது ரப்பர் என்ன ஆகும்?

ரப்பர் கெமிஸ்ட், ஓய்வு (அரக்கோணம்)

ஓடாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகிக்கொண்டே இருக்கும். பத்து டிகிரி சூடு கூடினால் முதுமை ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் வரும் என்பது எங்கள் தொழிலில் கையாளும் தோராயக் கணக்கு. வேலூர் வெயில் 40ஐத் தாண்டும் நாளில் தகரக் கூரைக்கு அடியில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டு வீட்டுத் தாழ்வாரமோ, கோயில் மண்டபத்து ஓரமோ, கான்கிரீட் கூரை உள்ள அறையோ எதுவானாலும் தேவலை. வெயில் நேரே படக் கூடாது. பக்கத்தில் வெல்டிங் மிஷினோ, பொறி பறக்கும் பழைய மோட்டாரோ ஓடக் கூடாது, அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் நுண்ணிய வெடிப்பு விடும்.

படுக்கவைத்தால் ஒரே பக்க மவுண்ட் மேல் மாதக்கணக்கில் எடை அழுந்தும். மரச்சட்டத்தில் கிளாம்ப் போட்டு, ஓடுகிற நிலையிலேயே நேராக நிறுத்துங்கள். பெட்ரோலை வடித்துவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு தடவை லெக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

பாலாற்றங்கரை

பஞ்சாயத்துக் கட்டடத்துல ஒரு ரூம் கேட்டிருக்கோம் ஐயா, தரேன்னு சொல்லியிருக்காங்க. மரச்சட்டம் குடியாத்தம் அண்ணன் அளவெடுத்துக்கினு போயிருக்காரு. தீயணைப்பு நிலையத்துலயும் போய் எங்ககிட்ட படகு ஓடற நிலையில இருக்குன்னு சொல்லி, நம்பர் குடுத்துட்டு வந்துட்டோம்.